ஹாங்காங்காரர்களின் டீக்கடை ஒன்று: பெயர் போடாமல் ஒரு விமர்சனம்

முதலில் டீயைச் சொல்லிவிடுகிறேன். தடித்த பீங்கான் கோப்பையில், செங்கல் நிறத்தில், ஆவி பறக்க வருகிறது. முதல் வாயில் துவர்ப்பு, அப்புறம் பாலின் வழவழப்பு, விழுங்கிய பிறகு அடிநாக்கில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். நம் ஊரில் செய்வது போலப் பாலோடு சேர்த்துக் கொதிக்க வைப்பதில்லை. சில ரகத் தூளைக் கலந்து ஒரு நீளமான துணிப்பையில் போட்டு, டிகாஷனை அந்தப் பை வழியாக உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றி இறக்குகிறார்கள். கறை ஏறி ஏறிப் பை பழுப்பாகிக் காலுறை மாதிரி தெரியும், அதனால் ஹாங்காங்கில் இதற்குப் பட்டுக் காலுறை டீ என்றே பெயர். பாலும் சாதாரணப் பால் கிடையாது, சர்க்கரை சேர்க்காமல் சுண்ட வைத்த டின் பால். தூளில் முக்கியமானது சிலோன் தூள் என்று கடைக்காரர் சொன்னார். அந்தக் கொழுந்தைப் பறிக்கிற கைகளில் பெரும்பாலானவை மலையகத் தமிழ்ப் பெண்களின் கைகள் என்று நான் சொன்னேன், அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அடுத்த முறை போனபோது அவரே இன்னொரு மேசையில் அதை யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். விலை 3 பவுண்ட் 80. லண்டனில் இந்தக் காசுக்கு இதைவிட நல்ல டீயை நான் குடித்ததில்லை.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. லண்டனின் தெற்குப் பக்கம், சட்டனும் கிங்ஸ்டனும் இருக்கிற திசையில், அது வரைக்கும்தான் சொல்லலாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். எழுதப்போகிறேன் என்று சொன்னதும் முதலில் சந்தோஷப்பட்டவர், டீயைப் பற்றி மட்டுமல்ல, நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுவேன் என்றதும் அமைதியாகிவிட்டார். அம்மா அங்கேயே இருக்கிறார், எண்பதை நெருங்கும் வயது. "எனக்கு ஒன்றும் ஆகாது, அம்மா வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்" என்றார். அதீதமான பயம் என்று தோன்றினால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2023 ஜூலையில், வெளிநாட்டில் வாழும் 8 ஹாங்காங்காரர்களின் தலைக்கு ஆளுக்கு 10 லட்சம் ஹாங்காங் டாலர் என்று அந்த ஊர்ப் போலீஸ் விலை வைத்தது. அதே டிசம்பரில் இன்னும் 5 பேர், 2024 டிசம்பரில் இன்னும் 6 பேர். அவர்களில் பலருடைய அப்பா, அம்மா, அண்ணன், தம்பிகளை அங்கே விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். 2020-ல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவு, ஹாங்காங்குக்கு வெளியே, ஹாங்காங்காரர் அல்லாதவர் செய்கிற காரியத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்கிறது. அதாவது படிக்கிற நீங்களும் எழுதுகிற நானும்கூட அதில் அடக்கம். ஒரு டீக்கடைக்காரரைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று நான் வாதாடியிருக்கலாம். அவர் அம்மாவின் விஷயத்தில் நான் ஏன் பந்தயம் கட்ட வேண்டும்? அதனால் பெயர் இல்லை. அங்கே வேலை பார்க்கிறவர்கள், சாப்பிட வருகிறவர்கள் யாரையும் அடையாளம் தெரியும்படி எழுதவில்லை. அந்தப் பகுதியில் ஹாங்காங்காரர்கள் திறந்த கடைகள் இப்போது நிறைய இருக்கின்றன, எதில் நுழைந்தாலும் நான் சொல்வதில் பாதி பொருந்தும்.

இந்த மாதிரிக் கடையை அவர்கள் சா சான் டெங் என்கிறார்கள். டீயும் சாப்பாடும் கிடைக்கிற இடம், அவ்வளவுதான் அர்த்தம். நம் ஊரில் பழைய முஸ்லிம் ஹோட்டலும் பேக்கரியும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி. சூப்பில் மிதக்கும் மக்ரோனி, மேலே ஹாம் துண்டு, பக்கத்தில் வெண்ணெய் தடவிய ரொட்டி, இதுதான் காலைச் சாப்பாடு. வெள்ளைக்காரன் சாப்பாட்டைப் பார்த்து, அவன் ஹோட்டலுக்குள் போகக் காசில்லாதவர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி செய்துகொண்ட சமையல். மேசைகள் நெருக்கமாக இருக்கும். இரண்டு பேராகப் போனால் நாலு பேர் மேசையில் முன்பின் தெரியாதவர்களோடுதான் உட்கார வைப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது சிரமம். எனக்கு இதுதான் அந்தக் கடையில் பிடித்த விஷயம், ஏனென்றால் அப்படி உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எதிரே இருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன், அவர் சொன்னதிலிருந்துதான் இந்தக் கதை எனக்குச் சரியாகப் புரிந்தது.

அது வரைக்கும் 2019 ஹாங்காங் போராட்டம் என்று நான் செய்தியில் பார்த்தது கறுப்புச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட், கண்ணீர்ப்புகை, அவ்வளவே. எதற்காக இத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று கேட்டால் ஜனநாயகத்துக்காக என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருப்பேன். அந்த அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னது வேறு. "எந்த நீதிபதி முன்னால் என்னை நிறுத்துவார்கள் என்பதுதான் கேள்வி" என்றார்.

கதை தைவானில் ஆரம்பிக்கிறது. 2018 பிப்ரவரியில் ஒரு ஹாங்காங் இளைஞன், கர்ப்பமாக இருந்த தன் காதலியோடு தைபேய்க்குப் போய், அவளைக் கொன்றுவிட்டுத் தனியாக ஊர் திரும்பினான். கொலை நடந்தது தைவானில் என்பதால் ஹாங்காங் நீதிமன்றத்தால் அந்தக் குற்றத்தை விசாரிக்க முடியவில்லை. தைவானிடம் ஒப்படைக்கலாம் என்றால் அதற்கு ஒப்பந்தம் இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணின் பணத்தைக் கையாண்டதற்காக மட்டும் அவனைத் தண்டித்தார்கள். அந்தப் பெண்ணின் பெற்றோருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. அந்தத் துக்கத்தைக் காட்டித்தான் 2019 பிப்ரவரியில், ஹாங்காங்கின் அப்போதைய தலைமை நிர்வாகி கேரி லாமின் அரசு, தப்பியோடிய குற்றவாளிகளை ஒப்படைக்கும் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதாவை முன்வைத்தது. அதில் தைவான் மட்டும் இல்லை, சீனப் பெருநிலமும், அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள சீனாவும், இருந்தது.

இங்கேதான் விஷயம். ஹாங்காங்குக்கு அப்போது 20 நாடுகளோடு ஒப்படைப்பு ஒப்பந்தம் இருந்தது. சீனாவின் மற்ற பகுதிகளை மட்டும் அந்தப் பழைய சட்டம் வேண்டுமென்றே வெளியே நிறுத்தியிருந்தது. அது மறதியால் வந்த ஓட்டை அல்ல, பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த 1997-ல் கட்டிய சுவர் என்பதுதான் அங்கே வழக்கறிஞர்கள் சொன்னது. புதிய மசோதாப்படி ஒப்பந்தமே இல்லாத இடத்துக்கும், ஒவ்வொரு வழக்காகப் பார்த்து, தலைமை நிர்வாகி ஒரு சான்றிதழ் கொடுத்து ஆளை அனுப்பலாம். சட்டமன்றம் அதைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீதிமன்றம் பார்க்கும், ஆனால் அங்கே போனால் நியாயமான விசாரணை கிடைக்குமா என்று எடைபோட அதற்கு இடம் மிகக் குறைவு. பெருநிலத்தில் வழக்கு என்று வந்துவிட்டால் 99 சதவீதத்துக்கும் மேல் தண்டனைதான். முதலில் பயந்தவர்கள் வியாபாரிகள், எல்லைக்கு அந்தப் பக்கம் தொழில் செய்தவர்களுக்கு அங்கே என்ன நடக்கும் என்று தெரியும். அவர்களைச் சமாதானப்படுத்த 46 வகைக் குற்றங்களை 37 ஆகக் குறைத்தார்கள், அப்புறம் 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால்தான் என்றார்கள். சாதாரண மக்களை அது சமாதானப்படுத்தவில்லை. அவர்கள் மனசில் இருந்தது 2015, அந்த ஊர்ப் புத்தகக் கடை ஒன்றோடு தொடர்புடைய 5 பேர் ஒவ்வொருவராகக் காணாமல் போய், சீனக் காவலில் இருப்பதாகத் தெரியவந்த வருடம். சட்டம் இல்லாதபோதே இப்படி என்றால், சட்டமும் வந்துவிட்டால் என்ன ஆகும்? தைவானே, இந்தச் சட்டத்தின் கீழ் அனுப்பினால் அந்த இளைஞனை வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அப்படியும் மசோதாவை நிறுத்தவில்லை.

அந்த அம்மா வாழ்க்கையில் போன முதல் ஊர்வலம் 2019 ஜூன் 9. அமைப்பாளர்கள் கணக்கில் 10 லட்சத்துக்கும் மேல், போலீஸ் கணக்கில் 2 லட்சத்து 40 ஆயிரம். அன்று இரவே அரசு, மசோதா திட்டமிட்டபடி வரும் என்று அறிக்கை விட்டது. அந்த அறிக்கையைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறியது, கண்ணீர்ப்புகையைச் சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை. ஜூன் 12-ல் அட்மிரால்டியில் சட்டமன்றத்தைச் சுற்றி இளைஞர்கள் சாலையை மறித்தார்கள், கண்ணீர்ப்புகையும் ரப்பர் குண்டும் வந்தன. 15-ம் தேதி மசோதாவை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள், வாபஸ் என்ற சொல் மட்டும் வரவில்லை. அன்று இரவு மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் பசிபிக் பிளேஸ் கட்டடத்தின் சாரத்தில் பதாகை கட்டி நின்று, கீழே விழுந்து இறந்தார். மறுநாள் 16-ம் தேதி ஊர்வலத்தில் 20 லட்சம் பேர் என்றார்கள் அமைப்பாளர்கள். போலீஸ் 3 லட்சத்து 38 ஆயிரம் என்றது. எந்தக் கணக்கை எடுத்தாலும் சரி, மொத்தம் 75 லட்சம் பேர் உள்ள ஊர் அது. ஆம்புலன்ஸ் வந்தபோது அந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டதை அவர் கைகளால் விரித்துக் காட்டினார், மேசையில் இருந்த சோயா பாட்டில் கவிழ்ந்தது.

இப்படிப் பேசிக்கொண்டே சாப்பிட்டதுதான் சதே மாட்டிறைச்சி நூடுல்ஸ், 10 பவுண்ட் 50. பாக்கெட் நூடுல்ஸ்தான், அதை மறைப்பதும் இல்லை. மேலே ஊற்றுகிற குழம்பில்தான் கைவேலை இருக்கிறது. வேர்க்கடலை, மிளகாய், இறால் பொடி வாசனை, கொஞ்சம் தித்திப்பு, இறைச்சி மெல்லிசாக அரிந்து வழுக்கிக்கொண்டு போகிறது. நம் நாக்குக்கு உடனே ஒட்டும். காரம் வேண்டும் என்று கேட்டால் தனியாக மிளகாய் எண்ணெய் தருவார்கள், கேளுங்கள். மீன் உருண்டைக் கறியும் நன்றாக இருந்தது, மஞ்சளும் சீரகமும் தெளிவாகத் தெரிகிற கறி, ஆனால் உருண்டை கடையில் வாங்கிய உறைபனி உருண்டை என்பதால் ரப்பர் மாதிரி இருந்தது. பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட சோறு, 13 பவுண்ட் 50, பெரிய ஏமாற்றம். தக்காளிக் குழம்பு தித்திப்பு, மேலே சீஸ், அடியில் சோறு குழைந்திருந்தது. இரண்டு தடவை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சுவர்களில் கோஷம் ஒன்றும் கிடையாது. வாசலில் குடை வைக்கிற ஒரு தகர டப்பா, அதில் எப்போதும் ஒரு மஞ்சள் குடை. மழை கொட்டினாலும் அதை யாரும் எடுப்பதில்லை. 2014-ல் நேரடித் தேர்தல் கேட்டு 79 நாள் சாலையில் உட்கார்ந்தபோது மிளகு ஸ்ப்ரேயையும் கண்ணீர்ப்புகையையும் தடுக்கப் பிடித்த குடையிலிருந்துதான் அந்த இயக்கத்துக்கே குடை என்று பெயர் வந்தது. அந்த நிறமும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. போராட்டத்தை ஆதரித்த கடை மஞ்சள், போலீஸை ஆதரித்த கடை நீலம். 2019 கடைசியில் எந்த ஹோட்டலில் சாப்பிடுவது என்பதே ஓட்டுப் போடுவது மாதிரி ஆகிவிட்டது என்று கடைக்காரர் சொன்னார், மஞ்சள் கடை வாசலில் வரிசை நிற்க, நாலு கடை தள்ளி நீலக் கடை காலியாகக் கிடக்குமாம்.

இதில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை மதியம் பக்கத்து மேசையில் இரண்டு நண்பர்கள் வாக்குவாதம் செய்தார்கள், கடைக்காரர் பிறகு எனக்குச் சாராம்சம் சொன்னார். ஒருவரின் சொந்த அண்ணன் அங்கே போலீஸ்காரர், 2019-க்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவர் கேட்டது, நம் பக்கத்துப் பையன்கள் செய்ததை எப்போது பேசுவோம் என்பது. அந்த நவம்பரில் வாக்குவாதம் செய்த ஒருவர் மீது எரிபொருளை ஊற்றித் தீ வைத்தார்கள். சில நாளில் 70 வயதுத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் செங்கல் பட்டு இறந்தார். மற்றவர் யுவென் லாங்கைச் சொன்னார், ஜூலை 21 இரவு வெள்ளைச் சட்டைக்காரர்கள் ரயில் நிலையத்துக்குள் புகுந்து போராட்டக்காரர்களையும் பயணிகளையும் கம்பால் அடித்தபோது போலீஸ் வந்து சேர அரை மணி நேரத்துக்கும் மேல் ஆனதை. உறவை முறிப்பதைப் பாயை அறுப்பது என்று சொல்லும் பழைய சொல்வழக்கு அவர்களிடம் இருக்கிறது, ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் அதை அறுத்துக்கொள்ளக் கூடாது என்பது 2019-ல் கோஷமானது. அமைதியாக நடந்தவர்கள், முன்வரிசையில் கல் எறிந்தவர்களைக் கைவிடாமல் இருந்ததற்கு அந்தச் சொல்தான் காரணம். அதுதான் அந்தப் போராட்டத்தின் பலம், சில இடங்களில் அதுவே அவர்கள் வாயை அடைத்தும் விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தீ வைத்ததைத் தவறு என்று உரக்கச் சொல்லியிருந்தால் பாய் அறுந்துபோயிருக்காது. இதை நான் கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இன்னொரு டீ கொண்டு வந்து வைத்தார்.

அந்தக் கலவரச் செய்திகளுக்கு இடையே நம்மவர்களைத் தொட்ட ஒரு நாளும் உண்டு. அக்டோபர் 20-ல் போலீஸின் தண்ணீர் பீய்ச்சும் வண்டி கவுலூன் மசூதியின் வாசலில் நீலச் சாயத்தை அடித்தது. போராட்டக்காரர்களில் பலர் ஓடி வந்து துடைத்துக் கழுவினார்கள். அதே நாளில் பக்கத்தில் உள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் என்ற கட்டடத்தின் வாசலில், இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் மற்றச் சிறுபான்மையினரும் ஊர்வலம் போனவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் முதலில் சொன்ன கதை அதுதான், நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

வாபஸ் என்ற சொல் செப்டம்பர் 4-ல் வந்தது, சட்டமன்றத்தில் முறைப்படி அக்டோபர் 23-ல். தைவான் கொலை வழக்கு இளைஞன் சிறையிலிருந்து வெளியே வந்ததும் அதே அக்டோபர் 23. எவனுக்காக என்று சொல்லி ஆரம்பித்தார்களோ அவன் வெளியே நடந்து போனான், மசோதா செத்தது, அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் கைதாகியிருந்தார்கள். நவம்பர் 24 உள்ளாட்சித் தேர்தலில் 71 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள், 18 மாவட்ட மன்றங்களில் 17 ஜனநாயகத் தரப்பின் கைக்கு வந்தது. அந்த இரவு தெருவில் ஷாம்பெயின் திறந்தார்கள் என்று சொல்லும்போது கடைக்காரரின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

அப்புறம்தான் 2020 ஜூன் 30. ஹாங்காங் சட்டமன்றத்தைத் தொடாமலேயே பெய்ஜிங்கில் நிறைவேற்றிய தேசியப் பாதுகாப்புச் சட்டம் இரவு 11 மணிக்கு அமலுக்கு வந்தது, அந்த நேரம் வரைக்கும் ஊர் மக்கள் அதன் முழு வாசகத்தைப் பார்த்ததே இல்லை. 55-வது பிரிவு, சில வழக்குகளைப் பெருநிலத்து அதிகாரிகளே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 20 லட்சம் பேர் நடந்து நிறுத்திய கதவு, வேறொரு சுவரில் திறந்துவிட்டது. அதற்கு அடுத்த மாதமே பிரிட்டன் ஹாங்காங்கோடு இருந்த ஒப்படைப்பு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது, கனடாவும் ஆஸ்திரேலியாவும் அப்படியே செய்தன. நம்பி ஆளை அனுப்ப முடியாத இடம் என்று மற்ற நாடுகளே முடிவு செய்தன.

தன்னாட்சி என்று எழுதிக் கொடுத்தால் போதாது, அந்த எழுத்துக்கு யார் பொருள் சொல்வது என்பதும் எழுதியிருக்க வேண்டும். எழுதித்தான் இருக்கிறது, அதுதான் சிக்கல். பிரிட்டனும் சீனாவும் கையெழுத்திட்ட 1984 கூட்டுப் பிரகடனத்தில் வெளியுறவும் பாதுகாப்பும் தவிர மற்றதில் உயர்ந்த அளவு தன்னாட்சி, 50 வருடத்துக்கு மாற்றம் இல்லை என்றார்கள். 1997 ஜூலை 1-லிருந்து கணக்குப் போட்டால் 2047. தீர்ப்புக்கு மேல் தீர்ப்பு இல்லாத இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஹாங்காங்கிலேயே. ஆனால் ஹாங்காங்கின் அரசியல் சாசனம் போன்ற அடிப்படைச் சட்டத்தின் 158-வது பிரிவு, அந்தச் சட்டத்துக்குக் கடைசிப் பொருள் சொல்லும் அதிகாரத்தைப் பெய்ஜிங்கில் சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழுவிடம் கொடுக்கிறது. 1999-லேயே, ஒப்படைத்து இரண்டு வருடம்கூட முழுசாக ஆவதற்கு முன், பெருநிலத்தில் பிறந்த பிள்ளைகளின் குடியிருப்பு உரிமை பற்றிய தீர்ப்பைத் தொடர்ந்து நிலைக்குழு வேறு பொருள் சொன்னது. ஹாங்காங் அரசேதான் அதைக் கேட்டு வாங்கியது. அதனால் 2019-ஐ ஒரு மசோதாவின் மீது வந்த கோபம் என்று மட்டும் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இருபது வருடம் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தார்கள், கடைசியில் வீட்டுக் கதவிலேயே கை வைத்ததும் உள்ளே இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். ஹாங்காங் சீனாவின் பகுதி, தன் மண்ணில் தன் சட்டம் செல்ல வேண்டும் என்று அந்த நாடு நினைப்பது இயல்புதானே என்று ஒரு நண்பன் கேட்டான். சரி, நினைக்கட்டும், ஆனால் கையெழுத்துப் போட்டு, 50 வருடம் என்று எண்ணும் எழுதி, ஐநாவில் பதிவும் செய்த பிறகு பாதி வழியில் மாற்றினால் அதற்கு வாக்கு மீறல் என்றுதான் நான் பெயர் வைப்பேன்.

இங்கே வந்த வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையின் விலைப்பட்டியலுக்குப் பின்னால் அது இருக்கிறது. 1997-க்கு முன் ஹாங்காங்கில் கடல்கடந்த பிரிட்டிஷ் தேசத்தவர் (முழுக் குடியுரிமை இல்லாத ஒரு தகுதி) என்று பதிவு செய்தவர்களுக்கு 2021 ஜனவரி 31-லிருந்து பிரிட்டன் புது விசாவைத் திறந்தது. ஐந்து வருடம் இருந்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம், அதற்கு அடுத்த வருடம் குடியுரிமை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்தார்கள். அதே ஜனவரி 31-லிருந்து அந்தத் தகுதிக்கான பாஸ்போர்ட்டை அங்கீகரிக்க மாட்டோம் என்று சீனா சொன்னது, விளைவாக ஊரைவிட்டு நிரந்தரமாகப் போகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வுகாலச் சேமிப்பு இவர்களில் பலருக்கு முடங்கிக் கிடக்கிறது, அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் பணம் வராது. கடைக்காரரும் மனைவியும் வேலை பார்த்துச் சேர்த்த பணம் இன்னும் அங்கேதான். கடையை மனைவியின் நகையும் ஒரு நண்பரின் கடனும் சேர்ந்துதான் திறந்தது. இன்னொரு கொடுமை, 2019-ல் முன்வரிசையில் நின்றவர்களில் நிறையப் பேர் 1997-க்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு அந்தப் பாஸ்போர்ட்டே கிடையாது. அப்பா அம்மாவோடு வந்தால்தான் உண்டு என்று இருந்தது. பெற்றோருக்கு அந்தத் தகுதி இருந்தால் வளர்ந்த பிள்ளைகள் தனியாகவே விண்ணப்பிக்கலாம் என்று 2022 நவம்பரில்தான் மாற்றினார்கள். அந்தக் கடையில் தட்டு எடுக்கிற பையன் அப்படி வந்தவன். அவனிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று தோன்றியது.

அன்னாசி பன் சொல்லாமல் விட்டால் தப்பு. அன்னாசிப்பழம் அதில் கிடையாது, மேலே சர்க்கரை மாவு வெடித்து அன்னாசித் தோல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சூடான பன்னைக் குறுக்கே வெட்டி, நடுவில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைக் கனமாக ஒரு வில்லை வைத்துத் தருகிறார்கள். வெண்ணெய் முழுசாக உருகுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தால் போச்சு. 3 பவுண்ட் 20. காலை பத்து மணிக்கு முதல் தட்டும் மதியம் இரண்டரைக்கு இரண்டாவது தட்டும் அடுப்பிலிருந்து வரும், இடையில் போனால் ஆறிய பன்தான், அது வேண்டாம். ஹாங்காங் பாணி ரொட்டி வறுவலில் வேர்க்கடலை வெண்ணெய் உள்ளே, சர்க்கரைப் பாகு மேலே, இரண்டு பேருக்கு ஒன்று போதும், ஒருவர் தின்றால் திகட்டும். டீயையும் காபியையும் கலந்த ஒரு பானம் உண்டு, யுன் யெங் என்பார்கள். அது எனக்குப் பிடிக்க மூன்று முறை ஆனது, இப்போது டீக்குப் பதில் அதையே கேட்கிறேன்.

சைவக்காரர்கள் கவனிக்கவும். பன்னில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது அங்கே வழக்கம், இந்தக் கடையில் வெண்ணெய்தான் போடுகிறார்கள், ஆனால் முட்டை உண்டு. சூப் எதைக் கேட்டாலும் அடியில் கோழி எலும்பு இருக்கும். கீரை வதக்கலில் சிப்பிச் சாறு ஊற்றுவார்கள், பூண்டு மட்டும் போட்டுத் தரச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள். வார இறுதியில் அரை மணி நேரம் வரிசை நிற்க வேண்டியிருக்கும், கைக்குழந்தை வண்டிக்கு இடமில்லை, கழிவறை மாடிப்படி ஏறிப் போகிற இடத்தில். கார்டு வாங்குவார்கள், 10 பவுண்டுக்குக் கீழே என்றால் ரொக்கம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

ஜூன் 16 என்ன கிழமையில் வந்தாலும் கடை திறந்திருக்கும், அன்று டீக்குக் காசு வாங்குவதில்லை. காரணம் எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. போன வருடம் அன்று நான் போனபோது அந்த அம்மா அதே மேசையில் இருந்தார், எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.